ஈனியும் லிகண்டும் ஒன்றுதானா?

பன்னிரண்டாம் வகுப்பு அணைவுச் சேர்மப் பாடத்தில் படித்த ‘ஈனி’யும், உயிரியல்காரர்கள் ஹார்மோனைக் காட்டிச் சொல்லும் ‘லிகண்ட்’டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் லிகண்ட் என்றுதான் பெயர். பெயர் ஒன்று, ஆள் வேறு.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போர் தண்ணீரில் கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்று பார்ப்பதுதான் தினசரிப் பாடு. கூம்புக் குடுவையில் தண்ணீர், பிஎச்சை 10-இல் நிறுத்திவைக்க பஃபர் கரைசல் (அம்மோனியா நெடி மண்டைக்கு ஏறும்), ஒரு சிட்டிகை எரியோகுரோம் பிளாக் டி என்கிற இண்டிகேட்டர் (நிறங்காட்டி). உடனே ஒயின் சிவப்பு. அந்த இண்டிகேட்டரே ஓர் ஈனிதான், அதாவது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள். மெக்னீசியத்தைப் பிடித்ததால் வந்த நிறம் அது. ப்யூரெட்டிலிருந்து ஈடிடிஏ (இன்னும் பலமான ஈனி) இறங்க இறங்க, வெளியில் திரியும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முதலில் வளைத்துப்போடும். கடைசியில் இண்டிகேட்டரின் கையில் இருப்பதையும் பிடுங்கும். அந்தச் சொட்டில் சிவப்பு போய் நீலம். கவனம் பிசகினால் தாண்டிவிடும், மறுபடி முதலிலிருந்து.

தனி இரட்டை எலக்ட்ரான்களை உலோகத்துக்குக் கொடுத்துப் பிணைவதுதான் ஈனி. தண்ணீரோ அம்மோனியாவோ ஒரு கையால் பிடிக்கும். ஈடிடிஏவுக்கு ஆறு கை: 2 நைட்ரஜன், 4 ஆக்ஸிஜன். ஒரு பிடி நழுவினாலும் மற்ற ஐந்தும் விடாது. இப்படிப் பல கைகளால் பிடிப்பதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர் வைத்தவர் நண்டிடம் கடி வாங்கியிருக்க வேண்டும்.

உயிரியலில் உலோகம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. புரதத்தின் குழியில் பொருந்தி உட்காரும் எதுவும் லிகண்ட். பிடிப்பு பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு, மின்னேற்ற ஈர்ப்பு போன்ற லேசான சமாச்சாரங்கள். அதனால் வரும், போகும். பூட்டு–சாவி உவமை எனக்கு ஒப்பாது, பஸ் சீட்டுதான் சரி. உடலிலேயே உண்டாகும் அடினோசின் உட்கார்ந்து தூக்கம் வரவழைக்கவேண்டிய புரதத்தில் (ஏற்பி என்பார்கள்) காபியின் கஃபீன் துண்டு போட்டுவிடுகிறது. தானும் வேலை செய்யாது, அடினோசினையும் உட்காரவிடாது.

இரண்டு அர்த்தமும் சந்திக்கும் இடம் ஹீமோகுளோபின், ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம். அதற்குள் இரும்பை வைத்திருக்கும் பகுதி ஹீம். ஹீமின் இரும்பை நான்கு நைட்ரஜன்கள் சுற்றிப் பிடித்திருக்கும், ஐந்தாவது பிடி புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம். ஆறாவது இடம் ஆக்ஸிஜனுக்கு. உலோகத்தைப் பிடிப்பதால் அது ஈனி, புரதத்தில் வந்து உட்கார்வதால் உயிரியல்காரர்களின் லிகண்ட்டும் அதுதான். கார்பன் மோனாக்சைடு அதே இடத்தை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். மூடிய அறையில் கரி அடுப்பு ஆளைக் கொல்வது இப்படித்தான். சிகிச்சைக்குத் தூய ஆக்ஸிஜன் கொடுப்பார்கள்: பிடியில் தோற்பதை எண்ணிக்கையில் ஜெயிக்கிற வழி. சாதாரணக் காற்றில் பாதி மோனாக்சைடு வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். தூய ஆக்ஸிஜனில் அந்தப் பாதி ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும்.