கார் வாங்கிய பிறகு ரயிலில் போவதா?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு வாங்கிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வேலை நுங்கம்பாக்கத்தில், ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை. போன தீபாவளிக்குக் கடனில் கார் வாங்கினேன், தினமும் அதில்தான் போய்வருகிறேன். பெட்ரோல் செலவைப் பார்த்துவிட்டு மனைவி 'ரயிலில் போங்கள்' என்கிறாள். காரை வீட்டில் நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் நசுங்கிப் போக எனக்கு மனம் வரவில்லை. எது சரி?
– கூடுவாஞ்சேரி வாசகர், வயது 34

பதில்: தம்பி, குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு 1994 முதல் 2020 வரை மின்சார ரயிலில் போய்வந்தவள் நான். நடுவில் ஒன்றேகால் வருடம் மட்டும் கார். எங்கள் பிரிவை அண்ணா நகருக்கு மாற்றினார்கள், வீட்டிலும் கார் இருந்தது, அதனால் எடுத்தேன். இரண்டையும் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்களுக்கு ரயில்தான் சரி. ஆனால் உங்கள் மனைவி சொல்கிற காரணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

முதலில் பணத்தை முடித்துவிடுவோம். போக 35, வர 35 என்று நாளைக்குச் சுமார் 70 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் காலை நேரம் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஊர்ந்தால் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. அப்படி என்றால் ஐந்து லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் நாளைக்கு 500, மாதம் 22 நாளுக்கு 11,000. பார்க்கிங், சர்வீஸ், டயர் தேய்மானம் எல்லாம் இதற்கு மேல். ரயிலில் உங்கள் தூரத்துக்குச் சாதாரண டிக்கெட் 10 ரூபாய். தினமும் போக வர எடுத்தாலும் மாதம் 440. சீசன் எடுத்தால் அதிலும் குறையும். ஸ்டேஷனில் டூவீலர் நிறுத்தும் காசையும், வழியில் குடிக்கிற காபியையும் சேர்த்தால்கூட காரின் பக்கத்தில் வராது.

ஒன்று கவனியுங்கள். இந்தக் கணக்கில் கார் கடனின் மாதத் தவணையைச் சேர்க்காதீர்கள். இன்சூரன்ஸையும் சேர்க்காதீர்கள். வண்டி ஓடினாலும் நின்றாலும் அவை போகத்தான் போகும். 'இவ்வளவு தவணை கட்டுகிறோமே, ஓட்டாமல் விட்டால் நஷ்டம்' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தவறு. ஓட்டினால்தான் அந்தத் தவணைக்கு மேல் இன்னொரு 11,000 போகிறது.

சரி, இப்போது நேரம். வீட்டு வாசலிலிருந்து உங்கள் நாற்காலி வரை எவ்வளவு ஆகிறது என்று இரண்டு வாரம் காரிலும், இரண்டு வாரம் ரயிலிலும் போய் ஒரு நோட்டில் எழுதுங்கள். சராசரி போடாதீர்கள். இருப்பதிலேயே மோசமான நாளைப் பாருங்கள். ரயிலில் ஸ்டேஷனுக்குப் போக, வண்டியை நிறுத்த, பிளாட்பாரத்தில் காத்திருக்க, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம், அப்புறம் நடை என்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காரில் விடியற்காலை கிளம்பினால் அதைவிடச் சீக்கிரம் போய்விடலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் எட்டு மணிக்குக் கிளம்பினால்? வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம், கத்திப்பாரா என்று ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. ஒன்றில் ஒரு லாரி பழுதாகி நின்றால் முக்கால் மணி நேரம் போச்சு. ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே ஆகும். காரில் அந்த வித்தியாசம் ஒரு மணி நேரம். உங்களைக் களைப்படைய வைப்பது தூரம் இல்லை தம்பி, எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான்.

நான் கார் ஓட்டிய காலத்தில் மெட்ரோவுக்காக நூறடி ரோட்டில் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அசோக் நகர், வடபழனி எல்லாம் தகரத் தடுப்புக்கு நடுவில் ஒற்றை வரிசையாகப் போகும். கிளட்சை அழுத்தி அழுத்தி இடது முழங்கால் வலிக்கும். இரவு தூக்கத்திலும் கால் தானாக அழுத்தும். ஒருநாள் மாலை குரோம்பேட்டை வந்து, அபார்ட்மெண்ட் கீழே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மாடி ஏற மனமில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வைத்தபடியே இருந்தன. இருபது நிமிடம் இருக்கும். என்ன யோசித்தேன் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. மேலே போனதும் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அம்மா, ரயில்ல வந்தா கதை சொல்லுவே. கார்ல வந்தா ஏன் பேசவே மாட்டேங்கற?"

மறுவாரமே காரை விட்டேன். நுங்கம்பாக்கம் வரை ரயில், அங்கிருந்து பஸ். காரைவிட கால் மணி நேரம் கூடவே ஆனது. ஆனால் வீட்டுக்குள் நுழைகிறபோது பேச ஏதாவது இருந்தது. கூடையில் நாய்க்குட்டியோடு ஏறிய பாட்டியைப் பற்றிச் சொல்லலாம். பழவந்தாங்கலில் ஏறி தினமும் சைதாப்பேட்டைக்குள் முழு முழம் பூவைக் கட்டி முடித்துவிடும் பெண்ணைப் பற்றிச் சொல்லலாம். கார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தபோது நான் பார்த்தது முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும்தான்.

கௌரவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் நேரடியாக எழுதவில்லை, ஆனால் 'மனம் வரவில்லை' என்பதில் அது இருக்கிறது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. இந்தப் பாதையோரத்துப் புறநகர்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அகலம் குறைந்த மீட்டர் கேஜ் பெட்டிகள். 2004இல்தான் அவை முழுவதும் நின்றன. அந்தச் சின்னப் பெட்டிகளில் எங்கள் அலுவலகத்தின் மேலாளரும் வந்தார், கடைநிலை ஊழியரும் வந்தார். யாரையும் யாரும் குறைவாகப் பார்த்ததில்லை. நீங்கள் ரயிலில் வருவதைப் பார்த்து ஒருவர் உங்களை மதிக்கவில்லை என்றால், அவர் மதிப்பு உங்களுக்குத் தேவைதானா?

இனி, கூட்டம். அது இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் பத்து நாள் திண்டாடுவீர்கள். அப்புறம் எந்த வண்டி கூடுவாஞ்சேரியில் கொஞ்சம் காலியாக வரும், எந்தப் பெட்டி நுங்கம்பாக்கத்தில் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று கால்களுக்கே தெரிந்துவிடும். குரோம்பேட்டையில் டீக்கடை தாண்டி மூன்றாவது தூணுக்குக் கீழே நான் நிற்பேன். சாயம் போன ஒரு மஞ்சள் கோடு அங்கே இருந்தது. மகளிர் பெட்டியின் வாசல் அதன் மேலே வந்து நிற்கும். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வருகிற வண்டியில் தாம்பரத்தில் பாதிக் கூட்டம் ஏறும். நீங்கள் அதற்கு முன்னாலேயே ஏறுவதால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இது பெரிய வசதி.

ஆனால் ஒன்றே ஒன்று. படியில் தொங்காதீர்கள். 2018 ஜூலையில் பரங்கிமலை ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பிளாட்பாரத்தை ஒட்டிய சுவரில் மோதி உயிரை விட்டார்கள். வேலைக்குக் கிளம்பிய பிள்ளைகள். அன்று நானும் அந்தப் பாதையில் வேறொரு வண்டியில் நின்றுகொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று தெரியாமல் பெட்டி முழுவதும் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அம்மாக்கள், மனைவிகள், 'நீ எந்த வண்டி, நீ எந்த வண்டி' என்று. இன்றும் அந்த ஒலி காதில் இருக்கிறது. உள்ளே இடம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வண்டியில் போங்கள். பத்து நிமிடத் தாமதத்துக்கு எந்த அலுவலகமும் ஆளைத் தின்றுவிடாது.

2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏசி மின்சார ரயிலும் வந்துவிட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வரை முழுத் தூரத்துக்கு 105 என்று தொடங்கினார்கள். கதவு தானாக மூடிக்கொள்ளும், அதனால் தொங்குகிற பேச்சே இல்லை. எனக்கு அதில் ஏசியைவிட இந்தக் கதவுதான் பெரிதாகப்படுகிறது. போய்வருகிற தடவைகள் சாதாரண வண்டிகள் அளவுக்கு இல்லை. உங்கள் நேரத்துக்குப் பொருந்தினால், வாரம் ஒருநாள் இரண்டுநாள் அதில் போங்கள். அப்போதும் காரைவிடக் குறைவுதான் ஆகும்.

காரை விற்கச் சொல்லவில்லை. மாமனார் மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, குழந்தைகளோடு வெளியே கிளம்ப, பராமரிப்புப் பணிக்காக ரயில்களை ரத்து செய்கிற விடுமுறை நாட்களில் போய்வர, அது வேண்டும். கொட்டும் மழை நாளில் மட்டும் இரண்டையுமே நம்பாதீர்கள். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. அன்று அலுவலகத்திலேயே தங்கியவர்கள்தான் புத்திசாலிகள்.


கேள்வி: வீடு பெருங்களத்தூர், வேலை சிறுசேரி ஐடி பூங்காவில். நான் ஸ்கூட்டரில் போகிறேன், மழை வந்தால் காரில். "ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, ரயிலில் போனால் மிச்சமாகுமே" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது?
– பெருங்களத்தூர் வாசகி

பதில்: உங்கள் வீட்டுக்காரருக்கு நல்ல மனசு, ஆனால் வரைபடத்தை ஒரு தடவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டவாளம் வடக்கே போகிறது, உங்கள் வேலை கிழக்கே இருக்கிறது. ரயிலில் போக வேண்டுமென்றால் கிண்டி வரை போய் இறங்கி, பஸ் பிடித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் திரும்பவும் தெற்கே அவ்வளவு தூரம் வர வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும்.

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலைதான் உங்கள் வழி. ஸ்கூட்டரே போதும். அந்தச் சாலையில் கனரக வண்டிகள் அதிகம், இருட்டிய பிறகு மிகவும் கவனமாக வாருங்கள். அதே பூங்காவில் வேலை பார்க்கிறவர்கள் உங்கள் குடியிருப்பில் கண்டிப்பாக இருப்பார்கள். மூன்று பேர் சேர்ந்து, வாரத்துக்கு ஒருவர் கார் என்று முறை வைத்துக்கொண்டால் செலவு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கம்பெனி பஸ் விடுகிறதா என்றும் கேளுங்கள். விட்டால் இரண்டு யோசனை வேண்டாம், அதில் ஏறிவிடுங்கள்.


கேள்வி: என் மகளுக்கு எழும்பூர் பக்கம் முதல் வேலை. வாரத்தில் இரண்டு நாள் இரவு பத்தேகாலுக்குத்தான் வேலை முடியும். வீடு தாம்பரம் சானடோரியம். ரயிலில் வரட்டுமா, நான் கார் எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வரட்டுமா? எனக்கு வயது 61, இரவில் கண் கொஞ்சம் கூசுகிறது.
– ஒரு தந்தை

பதில்: ஐயா, கண் கூசுகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். இரவில் அவ்வளவு தூரம் நீங்கள் காரோட்ட வேண்டாம். அவள் ரயிலில் வரட்டும். எங்கள் அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற மார்ச் மாதங்களில் நானும் அந்த நேரத்தில் வந்திருக்கிறேன்.

அவளிடம் சில விஷயங்கள் சொல்லிவையுங்கள். இரவில் மகளிர் பெட்டியில் ஆளே இல்லை என்றால் அதில் தனியாக ஏற வேண்டாம். குடும்பத்தோடு வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கிற பொதுப்பெட்டியில் ஏறட்டும். கதவோரம் நின்று போன் பார்க்க வேண்டாம், வண்டி நகரும்போது பிடுங்கிக்கொண்டு குதிப்பார்கள். ரயில்வே உதவி எண் 139, போனில் போட்டுவைக்கட்டும். எழும்பூரில் ஏறியதும் உங்களுக்கு ஒரு செய்தி, கிண்டி தாண்டியதும் ஒரு செய்தி. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கடைசி வண்டி வரைக்கும் நேரத்தை எழுதிப் பையில் வைக்கட்டும். இரவில் வண்டிகளுக்கு நடுவே இடைவெளி கூடும்.

கிண்டிச் செய்தி வந்ததும் நீங்கள் டூவீலரில் கிளம்பினால் போதும். சானடோரியம் ஸ்டேஷன் வாசலில் வெளிச்சம் இருக்கிற பக்கமாக நில்லுங்கள். மறக்காமல் இரண்டு ஹெல்மெட் எடுத்துப் போங்கள்.