கிளிசரியா வேலியை இப்ப அடியோட வெட்ட வேண்டாம்

வணக்கம் அண்ணா. தம்பலகாமத்துத் தோட்டத்தில கிளிசரியா மர வேலி 10 அடிக்கு மேல வளர்ந்து மிளகாய்ப் பாத்திக்கு நிழல் விழுது, மோட்டர் வயரிலயும் முட்டுது, வாற கிழமை அடியோட வெட்டலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள்.

அடியோட வேண்டாம். இப்ப கச்சான் காத்து அடிக்கிற நேரம். வேலி இல்லாட்டி அந்தச் சூட்டுக்காத்து நேரா மிளகாயிலதான் விழும். நிழல் விழுத்துற கொப்புகளை மட்டும் இப்ப கழிச்சு விடுங்கோ. பெரிய வெட்டைப் புரட்டாசிக் கடைசியில, மழை தொடங்கேக்க வைங்கோ. நெஞ்சளவு உயரத்தில சரிவா வெட்டினால் தண்ணி தேங்காது, துளிரும் கெதியா வரும். கைமொத்தத் தடிகளை எரிச்சுப் போடாதேங்கோ. 1½ அடி தாட்டால் வேலியில பொட்டு விழுந்த இடத்துக்கெல்லாம் கதியால் (தளிர்த்து நிக்கிற வேலித்தடி) ஆகும். குழையை வாடவிட்டு ஆட்டுக்குப் போடலாம், மிச்சம் பாத்திக்குப் பசளை.

வயர் விஷயம்தான் எனக்குப் பயம். மோட்டர் வயர் எண்டால் மெயினை நிப்பாட்டி, ஒராளை அதுக்குப் பக்கத்திலயே நிக்க விடுங்கோ. ரோட்டுக் கம்பியில முட்டுற கொப்பெண்டால் கொக்கத்தடியைத் தொடவே வேண்டாம், பச்சைக் கொப்பாலயும் கரண்ட் வரும். மின்சார சபைக்குச் சொல்லுங்கோ.

கை வைக்க முதல் நீட்டுத் தடியால அடிப்பத்தையைத் தட்டுங்கோ. சருகுக்குள்ள கண்ணாடிப் புடையன் பாம்பு படுத்திருந்தால் கண்ணுக்கே தெரியாது. செருப்பு சரிவராது, பூட்ஸ் போடுங்கோ. செண்பகக் கூட்டில முட்டை கிடந்தால் அந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் விட்டுட்டு மற்றதை வெட்டுங்கோ.

எல்லை வேலி எண்டால் பக்கத்துக் காணிக்காரருக்கும் முதலே ஒரு சொல் சொல்லிப்போடுங்கோ. வேலிக் கதியாலுக்காகக் கோடு கச்சேரி ஏறின சனம் எங்கட பக்கம் குறைவில்லை.