மழுங்கிய ஸ்க்ரூவும் மரை போன போல்ட்டும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: முன் பிரேக் ஆயில் டப்பா மூடியைக் கழற்றப் போனேன். இரண்டு ஸ்டார் ஸ்க்ரூவும் மழுங்கிவிட்டன. ஸ்க்ரூடிரைவர் புதுசு. பைக்கும் ஜப்பான் கம்பெனிதான். (திருப்பூர் வாசகர்)

பதில்: ஜப்பான் கம்பெனி என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த ஊர் பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பான் தொழில் தர அளவு) ஸ்க்ரூ. நம் கடைகளில் ஸ்டார் என்று சொல்லி விற்பது பிலிப்ஸ். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் நுனி ஜே.ஐ.எஸ். குழியில் முழுதாக இறங்காது. அழுத்தித் திருகினால் மேலேறி வந்து குழியின் ஓரத்தைச் சீவிவிடும். தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அநேகமாக ஜே.ஐ.எஸ். இந்த வித்தியாசத்தை ஒரு கடைக்காரராவது சொல்லி விற்கிறாரா? கேட்டால், "எல்லாத்துக்கும் இதுதான் சார்" என்பார். இந்தப் பதிலால் மழுங்கிய தலைகள் இந்த நாட்டில் ஏராளம்.

சரி, இப்போது உங்கள் மூடி. சுற்றிலும் ஈரத்துணி போடுங்கள், பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும். சரியான டிரைவரை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி, பிறகு அழுத்தித் திருப்புங்கள். அது அலுமினிய வார்ப்பு, ஓங்கி அடிக்காதீர்கள். அசையவில்லையா? மரையைவிடக் கொஞ்சம் பெரிய டிரில் பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுங்கள். மூடி கையோடு வரும். மிச்சத் தண்டைக் கிரிப் பிளையரால் பிடித்துத் திருகலாம். துகள் ஆயிலில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 46 பீஸ் டூல் செட், 399 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நானும் அப்படி ஒன்று வாங்கினேன். ஸ்க்ரூ அசைவதற்குள் பிட் முறுக்கிக்கொண்டது. பெட்டி நல்ல பெட்டி. வீட்டில் தையல் சாமான் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல டிரைவரும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் போதும்.

கேள்வி: மழுங்கிய ஸ்க்ரூவைத் துளைபோட்டுக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டர், ஸ்க்ரூவுக்குள்ளேயே உடைந்துவிட்டது. இன்னும் பெரிய டிரில் பிட் வாங்கட்டுமா?

பதில்: கையை எடுங்கள். அது கடினப்படுத்திய எஃகு, உங்கள் டிரில் பிட்தான் தேயும். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: நான்கு ஸ்க்ரூவை நானே மழுக்கிவிட்டேன். வாரண்டியில் மாற்றுவார்களா?

பதில்: மாட்டார்கள். எதற்காக மாற்ற வேண்டும்?

கேள்வி: சர்வீஸில் ஆயில் டிரெயின் போல்ட் மரையைக் கெடுத்துவிட்டு, "முன்னாடியே அப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். கிராங்க்கேஸே (இன்ஜினின் அடிக்கூடு) மாற்ற வேண்டுமாம், அதற்கும் என்னிடமே பணம் கேட்கிறார்கள். ஆயில் எப்போதும் அங்கேதான் மாற்றுவேன். (மதுரை வாசகர்)

பதில்: அப்படியானால் முன்னாடி கெடுத்ததும் அவர்கள்தானே! ஒரு பைசா கொடுக்காதீர்கள். பழைய பில், ஜாப் கார்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போல்ட்டைப் படம் எடுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள். நழுவினால் 1915 நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்கவில்லை என்றால் இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சர்வீஸுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அப்புறம், பெரும்பாலும் கிராங்க்கேஸ் மாற்றத் தேவையே இருக்காது. கெட்ட மரையை வெட்டி எடுத்து ஹெலிகாயில் (கம்பிச் சுருளால் ஆன புது மரை) போட்டால் போதும், நல்ல லேத் பட்டறையில் செய்வார்கள். அந்தச் செலவைச் சர்வீஸ்காரர் தலையிலேயே கட்டுங்கள்.