கணினிக் கேள்வி – பதில்: கனத்த படங்களால் திணறும் அகப்பக்கம்

கேள்வி: எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் படிவம் 5 மாணவர் ஒருவர் எளிய அகப்பக்கம் எழுதித் தந்தார். தீமிதித் திருவிழாப் படங்கள் 40 ஏற்றினோம். பட்டணத்து வீடுகளில் வைஃபையில் திறக்கிறது. தோட்டத்துக்குள் கைப்பேசியில் பார்ப்பவர்களுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றலாமா?
– கோயில் செயலவை உறுப்பினர், சுங்கை சிப்புட்

பதில்: மாற்ற வேண்டாம், பணம்தான் வீண். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் 4000க்கு 3000 பிக்சல் இருக்கும். பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட் வரும். 4 என்று வைத்தால் 40 படத்துக்கு 160 மெகாபைட். செம்பனைக் காட்டுக்குள் நொடிக்கு 8 மெகாபிட் வேகம் கிடைத்தாலும் எல்லாம் இறங்க 160 நொடி ஆகும். பிரிபெய்ட் டேட்டாவில் பார்க்கும் பெரியவர்களின் காசும் அதோடு கரைகிறது.

பலர் முதலில் தரத்தைக் குறைக்கப் போகிறார்கள். அகலத்தில்தான் தொடங்க வேண்டும். கைப்பேசித் திரைக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். 4000-ஐ 1200 ஆக்கினால் மொத்தப் பிக்சல் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். முகங்கள் தெளிவு கெடாது. பக்கத்தின் நிரலில் மட்டும் அகலம் 300 என்று எழுதிவிட்டால் போதாது. படம் சிறிதாகத் தெரியும், ஆனால் 4 மெகாபைட்டும் முழுதாக இறங்கும். கோப்பையே சிறிதாக்க வேண்டும்.

விண்டோஸ் கணினியில் இர்ஃபான்வியூ போதும். வணிக நோக்கமில்லாத பயனுக்கு இலவசம். மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் பத்திரப்படுத்திவிட்டு, பி விசையை அழுத்தி மொத்த மாற்றத்தைத் திறங்கள். வெளியீட்டு வடிவம் ஜேபெக், தரம் 75 முதல் 80. மேம்பட்ட அமைப்பில் நீண்ட பக்கம் 1200 என்று கொடுத்து, சிறிய படங்களைப் பெரிதாக்காதே என்பதையும் தேர்ந்தெடுங்கள். வெளியீடு வேறு கோப்புறைக்குப் போகட்டும். தரத்தை 60க்குக் கீழே இறக்காதீர்கள். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், தீமிதிப் புகையிலும் வானத்திலும்தான் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும்.

இதே முறையில் 480 பிக்சலில் இன்னொரு தொகுதி எடுத்து, பக்கத்தில் அதைக் காட்டுங்கள். தொட்டால் மட்டும் 1200 திறக்கட்டும். சிறுபடம் ஒன்று 40 கிலோபைட் வந்தாலும் நாற்பதும் சேர்ந்து 1.6 மெகாபைட்தான், அதே வேகத்தில் 2 நொடிக்குள் இறங்கிவிடும். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் போடச் சொல்லுங்கள்; பார்ப்பவர் அந்த இடத்தை நெருங்கும்போதுதான் படம் இறங்கும். மேலே முதலில் தெரியும் படத்துக்கு அது கூடாது, தாமதமாகும். ஒவ்வொரு படத்தின் அகல உயரத்தையும் நிரலில் எழுதினால், படிக்கும்போது பக்கம் குதிக்காது.

செங்குத்தாக எடுத்த படம் படுத்துக்கொண்டால், திசைக் குறிப்பு அழிந்துவிட்டது என்று பொருள். முதலில் திருப்பிச் சேமித்துவிட்டுப் பிறகு சுருக்குங்கள். படத்துக்குள் இருக்கும் இடக் குறிப்பை நீக்கிவிடுவது நல்லது, குறிப்பாகக் குழந்தைகளின் படங்களில்.

கேள்வி: சேலைக் கடை நடத்துகிறேன். படத்தைச் சுருக்கினால் சிவப்புப் பட்டில் ஜரிகைக் கரை மங்கிக் கலங்கிவிடுகிறது. தரத்தை 90 ஆக்கியும் சரியாகவில்லை.
– வாசகி, தாப்பா

பதில்: குறை தர எண்ணில் இல்லை, அம்மா. ஜேபெக் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கிறது. பச்சை இலையில் இந்தக் குறைப்பு கண்ணுக்குத் தெரியாது. அடர்சிவப்பை ஒட்டி மெல்லிய பொன்னிழை ஓடும் இடத்தில் இரு நிறமும் ஒன்றுக்குள் ஒன்று கசியும்.

பிரவுசரிலேயே இயங்கும் ஸ்கூஷ் கருவியைத் திறந்து, ஜேபெக் ஆக்கித் தரும் மோஸ்ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்து, மேம்பட்ட அமைப்பில் குரோமா சப்சாம்பிளிங், அதாவது மேலே சொன்ன நிறக் குறைப்பு, தானாக நடப்பதை நிறுத்தி, 1 என்று வையுங்கள். தரம் 80 போதும். கோப்பு கொஞ்சம் கூடும்; சேலைக்கு அது தகும். வெப்பி (WebP) என்ற பட வடிவம் ஜேபெக்கைவிடச் சிறிதாக வரும், 2020 முதல் சஃபாரியும் அதை ஏற்கிறது. ஆனால் வெப்பியின் இழப்புச் சுருக்கத்தில் இந்த நிறக் குறைப்பை நிறுத்தவே முடியாது. ஆகவே சிவப்புச் சேலைக்கு ஜேபெக், மற்றதற்கு வெப்பி.

படம் எடுப்பவர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் அது ஏற்கனவே சுருங்கியே வந்து சேரும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐபோன் படம் பலருடைய பிரவுசரில் தெரியவில்லையே, ஏன்?
– மாணவர், கூலிம்

பதில்: 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்கள் எச்இஐசி வடிவில் பதிவாகின்றன, குரோம் அதைத் திறக்காது. அமைப்புகளில் கேமரா, வடிவங்கள் என்று போய் ‘மிக இணக்கமானது’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய படங்களை மட்டும் ஜேபெக்காக மாற்றி ஏற்றினால் போதும்.