இடைவெளியை மறைக்கலாமா?

கேள்வி: தாயாரின் உடல்நலக் குறைவால் 2 ஆண்டுகள் வேலைக்குச் செல்லவில்லை. முந்தைய பணிக்காலத்தைச் சுயவிவரக் குறிப்பில் நீட்டிக் காட்டிவிடலாம் என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வேலை உறுதியான பிறகும் பல நிறுவனங்கள் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள தேதிகளைக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், இடைவெளியைக் காட்டிலும் அதை மறைக்கச் சொன்ன பொய்யே வேலைக்கு உலை வைக்கும். 'குடும்பப் பொறுப்பு' என்று ஆண்டுகளுடன் ஒரே வரியில் எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால், தாயாரைக் கவனித்துக்கொண்டதையும் இப்போது முழுநேரம் பணியாற்ற முடியும் என்பதையும் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். நோயின் விவரம் அவர்களுக்குத் தேவையில்லை. (குற்றவாளியை விசாரிப்பதுபோல் இடைவெளியையே துருவுகிற அதிகாரிகள், முன்பு செய்த வேலையைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் ஆளின் திறமையாவது தெரியும்.) விட்ட இடத்திலிருந்து உங்கள் துறையில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதை நேர்காணலுக்கு முன்பே படித்துவிடுங்கள்.