4எஸ் முதலில் நிரம்புகிறது என்றால், இரும்பு அயனியாகும்போது 4எஸ் எலக்ட்ரானே ஏன் முதலில் போகிறது?

பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியின் கடைசியில் "மனப்பாடம் செய்தால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்த வரிதான் என்னை எழுத வைத்தது.

முதலில் விடை. 4எஸ், 3டி என்பவை அணுவில் எலக்ட்ரான்கள் தங்கும் ஆர்பிட்டால்களின் பெயர்கள். 4எஸ் முதலில் நிரம்பும் என்று சொல்லும் ஆஃபா வரிசை ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும் வரிசை. ஒவ்வொரு படியிலும் எலக்ட்ரானோடு கருவில் ஒரு புரோட்டானும் கூடுகிறது. பொட்டாசியம், கால்சியம் இரண்டிலும் 4எஸ் தாழ்ந்த ஆற்றலில் இருக்கிறது. கடைசி எலக்ட்ரான்கள் அங்கே போகின்றன. ஸ்கேண்டியம் முதல் கருவின் இழுப்பால் 3டி கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் 3டி இடுக்கமானது. அதற்குள் எலக்ட்ரான்கள் நெருங்கினால் ஒன்றையொன்று கடுமையாகத் தள்ளும். அதனால் இரண்டு எலக்ட்ரான்கள் அகன்ற 4எஸ்ஸிலேயே தங்குகின்றன. குரோமியத்திலும் செம்பிலும் மட்டும் ஒன்று. இரும்பு அயனியாகும்போதோ 26 புரோட்டான்களும் அப்படியே இருக்க, எலக்ட்ரான் மட்டும் குறைகிறது. வெளியே, உயர்ந்த ஆற்றலில் நிற்கும் 4எஸ் எலக்ட்ரான்கள் முதலில் கழல்கின்றன, 3டியில் ஆறு எலக்ட்ரான்கள் (3டி6) மிஞ்சுகின்றன.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு உரம் விற்கிறானே என்று பேசிய சொந்தக்காரர்கள் உண்டு. என் கடைக்கு வந்து பார்த்தால் இந்தப் பாடம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) நீலம், அன்னபேதி (இரும்பு சல்பேட்) வெளிர்பச்சை, துத்தநாக சல்பேட் வெள்ளை. மூன்றிலும் உலோகம் அயனியாக இருப்பதால் 4எஸ் காலி. நிறத்தைத் தீர்மானிப்பது 3டி. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்தவுடன் ஐந்து 3டி ஆர்பிட்டால்களும் இரண்டு ஆற்றல் மட்டங்களாகப் பிரிகின்றன. செம்பு அயனி 3டி9; மேல்மட்டத்தில் ஓர் இடம் காலி. கீழிருக்கும் எலக்ட்ரான் சிவப்பு ஒளியை உறிஞ்சி அங்கே தாவுகிறது, நமக்கு நீலம் தெரிகிறது. துத்தநாகம் 3டி10. தாவ இடமில்லை, நிறமும் இல்லை. மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரை விரட்டினால் வெளுத்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும்.

என் அண்ணன் மகன் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவன். வேதியியலில் நல்ல மதிப்பெண். தென்னங்குருத்து அழுகலுக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலக்கும்போது தோட்டத்துக்கு வந்தான். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலவையில் கொடுவாளை முக்கி எடுத்தேன். அதன் வாயில் செம்பு படிந்திருந்தது. இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். "எதனால் சித்தப்பா?" என்றான். செம்பின் எலக்ட்ரான் அமைப்பைச் சொல்லச் சொன்னேன், தடையில்லாமல் ஒப்பித்தான். இரும்பு தன் இரண்டு 4எஸ் எலக்ட்ரான்களைச் செம்பு அயனிக்குக் கொடுத்துவிட்டுக் கரைகிறது என்றதும், கொடுவாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி இருந்தான். (உலோகத்துக்குள் அணுக்கள் தனித்தனியாக நிற்பதில்லை என்று திருத்த யாராவது வருவார்கள். உண்மைதான். பள்ளிக் கணக்குக்கு இது போதும்.)

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அணு அமைப்பு முழுவதும் பதினொன்றில் இருக்கிறது. 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தபோது நான் மகிழ்ந்தேன். எல்லாப் பள்ளிகளும் அப்படியென்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்காகக் காடு விற்றுக் கட்டணம் கட்டிய பெற்றோர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதை யார் சொன்னார்கள்?

உங்களுக்கு நேரமிருந்தால் பக்கத்து உரக்கடைக்குப் போய், திறந்து கிடக்கும் அன்னபேதி மூட்டையைப் பாருங்கள். மேலே பழுப்பேறியிருந்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் 3டியிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கி 3டி5 ஆக்கிவிட்டது. அந்த இரும்பு மண்ணில் எளிதில் கரையாது, பயிருக்கும் சேராது. அப்படிப்பட்ட மூட்டையை நான் விற்பதில்லை.