ஷகாலை விற்றதில் 20,000 லாபமா, 40,000 நஷ்டமா?

கேள்வி:

என் வயது 46. நவீன ஓவியங்கள் என்றால் உயிர். மூன்று வருடமாக ஆன்லைன் ஏலங்களில் லித்தோகிராஃப் (கல்லச்சில் எடுத்த ஓவியப் பிரதி, சுருக்கமாக லித்தோ) எடுக்கிறேன். ஒரு வருடம் போல வீட்டில் வைத்திருந்துவிட்டு மறுபடி ஏலத்துக்கே கொடுக்கிறேன். பணம் எல்லாம் தனிநபர் கடன், வட்டி 14%. 80,000-க்கு எடுத்த, ஓவியர் ஷகாலின் லித்தோ ஒன்று 14 மாதம் கழித்து 1,00,000-க்குப் போனது. 25% லாபம் பார்த்த பிறகும் கடன் ஏன் குறையவில்லை என்று புரியவில்லை. இன்னும் 2,60,000 பாக்கி நிற்கிறது. அடுத்து ஓவியர் மிரோவின் லித்தோ ஒன்றைக் கொடுத்தேன். யாரும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது படம் சுவரில் இருக்கிறது. வங்கி வைப்பில் 3,00,000 உண்டு, அதற்கு 7% வட்டி. இப்போது என் மனைவியின் அண்ணன் ஒரு எண்ணெய் ஓவியத்தைக் காட்டி, "ஆளுக்கு 5,00,000 போட்டு எடுப்போம், ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும், உங்கள் பங்குக்கு வீட்டுக் கடனில் டாப்-அப் வாங்குங்கள்" என்று நெருக்குகிறார். மறுத்தால் மனஸ்தாபம் வரும் என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

ஏலத்தில் எப்படிப் பதிவு செய்வது, எச்சிங்குக்கும் (உலோகத் தகட்டு அச்சு) லித்தோவுக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரிய பிழை இருப்பதாகத் தெரியவில்லை. கையைக் கடிப்பது ஒரே பழக்கம்தான். வாங்கும்போது சுத்தியல் விழுந்த விலை (ஏலதாரர் சுத்தியல் தட்டி ஏலத்தை முடிக்கும் விலை), விற்கும்போது சுத்தியல் விழுந்த விலை, இந்த இரண்டை மட்டும் வைத்து லாபக் கணக்குப் போடுகிறீர்கள். அந்தத் தப்புக் கணக்கை நம்பி அடுத்த கடனை வாங்குகிறீர்கள்.

ஷகால் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எந்த நாணயமாக இருந்தாலும் விகிதம் ஒன்றுதான். சுத்தியல் விலை 80,000. அதன் மேல் வாங்குபவர் பிரீமியம், அதாவது ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வசூலிக்கும் கட்டணம், 26% என்று வைத்தால் 20,800. பிரீமியத்தின் மேல் வரி, பொதி கட்டுதல், அனுப்புதல், வழிக் காப்பீடு எல்லாம் குறைத்துப் போட்டாலும் 7,200. படம் உங்கள் கைக்கு வரும்போதே 1,08,000. அந்தப் பணத்துக்கு 14 மாத வட்டி சுமார் 17,600. ஆக அடக்கவிலை 1,25,600. விற்ற பக்கம் பாருங்கள். 1,00,000-இல் விற்பனைக் கமிஷன் 10%, காப்பீட்டுக் கட்டணம் 1.5%, புகைப்படக் கட்டணமும் படத்தை அங்கே கொண்டு சேர்த்த செலவும் 2,500. கையில் மிஞ்சியது 86,000. நீங்கள் 20,000 லாபம் என்று எழுதிவைத்திருக்கும் இடத்தில் கிட்டத்தட்ட 40,000 நஷ்டம். உங்கள் பில்களைப் பார்த்தால் ஆயிரம் இரண்டாயிரம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். முதலுக்கு மோசம் இல்லாமல் தப்பவே அந்த ஷகால் சுமார் 1,45,000-க்குப் போயிருக்க வேண்டும்.

பிரீமியம் என்பது 1975-இல் லண்டனில் கிறிஸ்டீஸ், சதபீஸ் என்ற ஏல நிறுவனங்கள் 10% என்று தொடங்கியது. இன்று அதே பெரிய நிறுவனங்களில் கீழ்த்தட்டு விலைகளுக்கு 25%-ஐத் தாண்டிவிட்டது. வேறொரு இணையதளம் வழியாக ஏலம் கேட்டால் அதற்குத் தனியாக 3 முதல் 5% சேரும். சில நாடுகளில் ஓவியரோ அவருடைய வாரிசுகளோ பெறும் மறுவிற்பனை உரிமைத் தொகையும் பில்லில் ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓவியர் இறந்து 70 ஆண்டு வரை அது உண்டு. ஷகால் இறந்தது 1985-இல், மிரோ 1983-இல், ஆகவே இரண்டு பேருமே இதற்குள் வருகிறார்கள்.

இன்னொரு இடத்திலும் நீங்கள் ஏமாந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அது. கேட்டலாகில் போடும் மதிப்பீட்டில் பிரீமியம் சேராது. ஏலம் முடிந்தபின் வெளியிடும் விலையில் பெரும்பாலும் பிரீமியம் சேர்ந்திருக்கும். "இதே லித்தோ போன வருடம் 1,05,000-க்குப் போயிருக்கிறது, எனக்கு 80,000-க்குக் கிடைக்கிறதே" என்று கை தூக்கியிருப்பீர்கள். அந்த 1,05,000-ஐ 1.26-ஆல் வகுத்தால் சுத்தியல் விலை 83,000 சொச்சம். அதை விற்றவர் கைக்குப் போனது சுமார் 71,000 அல்லது 72,000. நீங்கள் மலிவாக எடுக்கவில்லை, சந்தை விலைக்கே எடுத்திருக்கிறீர்கள்.

அப்படியானால் ஏலத்தில் வாங்குவதே தண்டமா? இல்லை. சொந்தப் பணம் என்றால் வட்டி கிடையாது. உங்கள் ஷகாலில் அடக்கம் 1.35 மடங்கு. விற்கும்போது கைக்கு வருவது 0.86 பங்கு. 100-க்கு எடுத்த படம் 157-க்குப் போனால் போட்டது வந்துவிடும். அந்த 57% ஏற்றத்தை ஒரே வருடத்தில் எதிர்பார்ப்பது சூதாட்டம். பத்து வருடத்தில் என்றால் ஆண்டுக்கு 4.6% போதும், பதினைந்து வருடத்தில் 3% போதும். படம் உங்களிடம் எத்தனை வருடம் இருக்கிறதோ அத்தனை மெலிதாக இந்தச் செலவு பரவும். நீங்களோ ஒவ்வொரு வருடமும் முழுச் செலவையும் புதிதாகக் கட்டுகிறீர்கள், அதுவும் 14% வட்டிப் பணத்தில்.

ஓவியத்தில் நிஜமாகவே பணம் பார்த்தவர்கள் என்ன செய்தார்கள்? 1904-இல் பாரிஸில் ஆந்த்ரே லெவல் என்பவர் உறவினரையும் நண்பர்களையும் சேர்த்து 'கரடித் தோல்' என்றொரு குழு தொடங்கினார். பங்குக்கு ஆண்டுக்கு 250 ஃபிராங்க். பத்து வருடத்துக்கு விற்பதில்லை என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். 1908-இல் 1,000 ஃபிராங்குக்கு வாங்கிய பிக்காசோவின் 'சால்டிம்பாங்க் குடும்பம்' 1914 மார்ச்சில் பாரிஸ் ஏலத்தில் கட்டணத்தோடு 12,650-க்குப் போனது. லாபத்தில் 20 சதவீதத்தை ஓவியர்களுக்கே கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொரு உதாரணம், பிரிட்டிஷ் ரயில்வே ஓய்வூதிய நிதி. 1974 முதல் சுமார் 4 கோடி பவுண்டை ஓவியத்திலும் கலைப்பொருளிலும் போட்டது. நிபுணர்களை வைத்துக்கொண்டு, பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து, 1980-களின் இறுதியில் சந்தை கொதித்தபோது நல்ல படங்களை விற்றும், விலைவாசியைக் கழித்தபின் ஆண்டுக்குக் கிட்டிய பலன் ஏறத்தாழ 4% மட்டுமே. அவ்வளவு பெரிய நிதிக்கே அதுதான் என்றால் 14% கடனை எந்தப் படம் தாங்கும்?

எனவே முதலில் கடனை முடியுங்கள். வைப்பில் 7% வாங்கிக்கொண்டு கடனுக்கு 14% கட்டுவதில் வருடத்துக்கு 18,000 வீணாகப் போகிறது. வைப்பை உடைத்து 2,60,000 கடனை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம், வைப்பை உடைப்பதற்கான அபராதம் இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு வருடக் கடன் வட்டியைத் தொடாது. மிச்சம் சுமார் 40,000 அவசரத்துக்கு. இதுவரை கட்டிவந்த மாதத் தவணையை அப்படியே சேமிப்பில் போட்டு வைப்பைத் திரும்பக் கட்டுங்கள். அது பழைய அளவுக்கு வரும்வரை ஏலத்தில் கை தூக்க வேண்டாம்.

மிரோவைத் திரும்ப உடனே ஏலத்துக்கு விடாதீர்கள். லித்தோவில் ஓரத்தில் பென்சிலால் 34/75 (75 பிரதிகளில் 34-ஆவது) என்பதுபோல எண் இருக்கிறதே, அதுவே அந்தப் பிரதியின் அடையாளம். விலைப் பட்டியல்களைப் புரட்டுபவர், இதே எண் போன வருடம்தான் இன்ன விலைக்கு வாங்கப்பட்டது, பிறகு விலை போகாமல் திரும்பியது என்று பார்த்துவிடுவார். பிறகு அவர் உங்கள் விலைக்கு வரமாட்டார். உங்கள் ரிசர்வ் விலையை (இதற்குக் கீழே விற்பதில்லை என்ற விலை) அடக்கவிலைக்கு அருகில் வைத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். வாங்குபவருக்கு உங்கள் அடக்கவிலை ஒரு பொருட்டே இல்லை. இரண்டு மூன்று வருடம் ஆறப்போடுங்கள். பிறகு வேறொரு நிறுவனத்தில், பலதும் கலந்த ஏலத்தில் அல்ல, அச்சுப் பிரதிகளுக்கென்றே நடக்கும் ஏலத்தில், குறைந்த மதிப்பீட்டோடு விடுங்கள். குறைந்த மதிப்பீடு ஆட்களை இழுக்கும், ஆள் சேர்ந்தால் விலை தானே ஏறும். விலை போகாவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பேசி நீக்கச் சொல்லுங்கள்.

அதற்குள் மிரோவையும் சுவரிலிருப்பதையும் சட்டத்திலிருந்து எடுத்துப் பாருங்கள். படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் மலிவான மவுண்ட் அட்டையின் அமிலம் தாளில் பழுப்புக் கோடாக இறங்கியிருக்கும். வெயில் பட்ட பகுதியும் அட்டைக்குள் மறைந்த ஓரமும் வேறு வேறு நிறமாக இருக்கும். பின்பக்கம் செலோ டேப் ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்காதீர்கள், தாள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். தாளின் நீள அகலத்தை அளந்து, அந்த ஓவியரின் முழுப் படைப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். லித்தோக்களுக்கு ஷகால், மிரோ இரண்டு பேருக்குமே பாரிஸ் அச்சகக்காரர் மூர்லோ தொகுத்த பட்டியல் உண்டு. பிக்காசோ என்றால் ப்ளோக் என்பவரின் பட்டியல். அளவு இரண்டு சென்டிமீட்டர் குறைந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள், விலை விழும்.

ஷகாலில் கூடுதல் கவனம் தேவை. அவருடைய ஓவியங்களைப் பார்த்து சார்ல் சோர்லியே என்ற அச்சுக் கலைஞர் லித்தோவாக வரைந்தவை பல உண்டு. அவற்றில் ஷகாலின் கையெழுத்தும் இருக்கும். போலி அல்ல, ஆனால் ஷகால் தானே வரைந்த லித்தோவும் அல்ல. கேட்டலாகில் "ஷகாலின் ஓவியத்தைத் தழுவியது" என்று சிறிய எழுத்தில் நிற்கும். 'தெரியேர் லெ மிர்வார்' இதழில் வந்த லித்தோக்கள் வேறு வகை. ஆயிரக்கணக்கில் அச்சானவை, பலவற்றில் நடுவில் மடிப்பு இருக்கும், கையெழுத்தும் எண்ணும் பெரும்பாலும் கிடையாது. அப்படி ஒரு தாளில் பென்சில் கையெழுத்தைக் கண்டால் பின்னால் யார் எழுதியதோ என்று சந்தேகப்படுங்கள். டாலியின் பிற்கால லித்தோக்களை உங்கள் நிலையில் தொடவே வேண்டாம். அவர் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர். 1974-இல் அப்படிப்பட்ட சுமார் 40,000 தாள்களோடு ஒரு லாரியையே பிரெஞ்சு சுங்கத்துறை பிடித்தது.

இனி உங்கள் மைத்துனர் விஷயம். 10,00,000 மொத்தச் செலவு என்றால் சுத்தியல் விலை 7,40,000-க்கு மேல் போகவே கூடாது. அது இரட்டிப்பாகி 20,00,000 கையில் வர, விற்கும்போது சுத்தியல் 23,00,000-ஐத் தாண்டி விழ வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று மடங்கு! அந்த ஆறு மாதத்திலும், படத்தை ஏலத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒப்படைக்க வேண்டும், விற்றபின் பணம் வர ஏறக்குறைய 35 நாள் ஆகும். எண்ணெய் ஓவியத்தில் அசலா என்ற கேள்வியும் லித்தோவைவிடப் பெரியது. 1914-இல் ஹைன்ரிஷ் காம்பென்டாங்க் வரைந்ததாக 2006-இல் ஜெர்மன் ஏலத்தில் சுமார் 29 லட்சம் யூரோவுக்குப் போன படத்தை, பின்னர் ஆய்வகத்தில் கிடைத்த டைட்டானியம் வெள்ளை காட்டிக்கொடுத்தது. 1914-இல் அந்த நிறமி ஓவியர்களின் புழக்கத்தில் இல்லை. வரைந்தவர் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி, 2011-இல் சிறைத் தண்டனை பெற்றார். பெரிய நிறுவனங்கள் தரும் அசல் உத்தரவாதம் பெரும்பாலும் ஐந்து வருடம், அதுவும் கேட்டலாக் தலைப்பில் உள்ள வார்த்தைக்கு மட்டும். "இன்னார் வரைந்ததாகக் கருதப்படுவது" என்று தலைப்பில் இருந்தால் அந்த உத்தரவாதம் உங்களைக் காப்பாற்றாது.

பில் யார் பெயரில் வரும் என்று கேட்டீர்களா? ஏல நிறுவனம் ஒருவர் பெயரில்தான் பில் போடும், விற்கும்போது அவர் கையெழுத்தைத்தான் கேட்கும். கடன் உங்கள் வீட்டின் மேல், படம் அவர் பெயரில் என்று ஆனால் சொந்தத்துக்குள் வழக்கு வரும். ஓவியத்தைப் பங்கு பங்காகப் பிரித்து விற்கும் இணையத் திட்டங்களையும் அவர் அடுத்து காட்டக்கூடும். ஆண்டுக்கு 1.5% கட்டணம், லாபத்தில் 20% என்றெல்லாம் எடுத்துக்கொள்பவை அவை. நினைத்த நாளில் விற்று வெளியே வர முடியும் என்ற நிச்சயமும் இல்லை. அதுவும் வேண்டாம்.

"வீட்டை வைத்துப் படம் வாங்குவதில்லை என்று நானும் உங்கள் தங்கச்சியும் முடிவு செய்துவிட்டோம், மச்சான்" என்று இரண்டு பேருமாக உட்கார்ந்து சொல்லுங்கள். அவருக்கு ஆர்வம் உண்மையானால் மாற்று ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் வைப்பு பழையபடி ஆனபின் ஆளுக்கு வருடம் ஒரு சிறு தொகை, கடன் இல்லாமல், பத்து வருடம் விற்பதில்லை, பில்லின் நகலும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற எழுத்தும் இரண்டு வீட்டிலும் இருக்கட்டும். ஏல நாளுக்கு முன்தினமே மொத்தச் செலவுக்கான தொகையை 1.35-ஆல் வகுத்து, வந்த விலையை முன்கூட்டிய ஏலக் கேட்பாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரிசர்வ் வரை விற்பவர் சார்பில் ஏலதாரரே விலை ஏற்றலாம் என்று பல நிறுவனங்களின் விதியே சொல்கிறது. நேரலையில் உட்கார்ந்தால் எதிரே இன்னொருவர் போட்டியிடுகிறார் என்று நினைத்து நீங்கள் ஏறிக்கொண்டே போவீர்கள்.